குடுத்திருப்பேனோ

பூனைக்கு ராங்கி என்று பேர் வந்த விதத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். ஒரு மழை நாளில், உள்ளங்கை அகலமே இருந்த குட்டி ஒன்று மாடிப்படி ஏறி வந்து கதவைப் பிறாண்டியது. கீழ்த்தளத்தில் எங்கோ அதன் தாய் இருந்திருக்கும்; குட்டிக்கு வீடு மாறிப் போய்விட்டது. மாமனார் கதவைத் திறந்து கீழே பார்த்துவிட்டு, "ராங் நம்பர்" என்றார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவருக்கு வேறு என்ன வாயில் வரும்? குட்டி அதைச் சட்டை செய்யவே இல்லை. அவர் கால்களுக்கு நடுவே புகுந்து உள்ளே போய், அவருடைய சாய்வு நாற்காலியில் ஏறிப் படுத்துக்கொண்டது. ராங் நம்பர் சில நாட்களில் ராங்கி ஆனது. பேருக்கு ஏற்ற குணமும் பின்னாலேயே வந்து சேர்ந்தது. கூப்பிட்டால் வராது, தூக்கினால் இருக்காது, சாப்பாட்டுத் தட்டை வைத்தால் இதைத்தான் போட முடிந்ததா என்பது போல ஒரு பார்வை பார்க்கும்.

மாமனாரிடம் மட்டும் அந்தப் பந்தா செல்லாது. சாயங்காலம் அவர் டீயில் பிஸ்கட்டை நனைத்து ஒரு கடி கடித்துவிட்டு, மிச்ச ஓரத்தைக் கீழே நீட்டுவார். ராங்கி பெரிய மனது பண்ணி வாங்கிக்கொள்ளும். இருவரும் பிறகு பேச்சில்லாமல் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மருமகளுக்கும் மாமனாருக்கும் ஆகாது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தன்னைப் பெற்ற அப்பாவிடம் கூட அவள் இவ்வளவு உரிமையோடு வாயாடியதில்லை. அவள் புருஷன் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன், வாயைத் திறப்பதே அபூர்வம். வீட்டில் பேச்சு என்று ஒன்று நடந்தால் அது மாமனாருக்கும் மருமகளுக்கும் நடுவில்தான். யாருடைய நம்பர் வேண்டுமானாலும் அவள் போனைத் தேட மாட்டாள். அடுக்களையிலிருந்தே, "மாமா, கேஸ்காரர்?" என்பாள். கூடத்திலிருந்து நம்பர் வரும். பிளம்பர், பள்ளிக்கூடம், சித்தப்பா வீடு, மூடிப்போன மருந்துக்கடை என்று எதைக் கேட்டாலும் வரும். ஒரு தடவை காதில் விழுந்தால் போதும் அவருக்கு. அந்த ஞாபகம்தான் அவருடைய சொத்து, நகை, பட்டம் எல்லாம். "என் காதுக்குள்ள போன நம்பர் வெளிய வர வழி தெரியாம அங்கேயே இருந்துடும்" என்று பெருமையடித்துக்கொள்வார்.

மருமகளுக்கு பேக்கரியில் வேலை. முன்பு பாக்கெட் போடும் பகுதியில் இருந்தாள். கை சுத்தமும் வேகமும் பார்த்து அவளைக் குளிர் அறைக்கு உயர்த்தினார்கள். மாவுக்குள் வெண்ணெய்ப் பாளத்தை வைத்து மடித்து, உருட்டி, மறுபடி மடிக்கும் வேலை. வெண்ணெய் உருகிவிட்டால் அடுக்கு வராது என்பதால் அந்த அறை எப்போதும் பல்லைக் கிட்டவைக்கும் குளிரில் இருக்கும். புருஷனுடைய பழைய கம்பளி ஸ்வெட்டரைப் போட்டு, மேலே ஏப்ரன் கட்டிக்கொண்டு அவள் வேலை செய்வாள். சுத்தத்தில் அவளிடம் யாரும் குறை சொல்ல முடியாது. முழங்கை வரை சோப்பு போட்டுக் கழுவாமல் வெளியே வர மாட்டாள்.

ராங்கிக்கு அரிப்பு ஆரம்பித்தது அவள் குளிர் அறைக்குப் போன பிறகு. அதை அவள் அப்போது சேர்த்து யோசிக்கவில்லை. யார்தான் யோசிப்பார்கள்? பூனை முதலில் கழுத்தைச் சொறிந்தது. பிறகு கன்னம், காதுக்கு முன்னால் இருக்கும் மெல்லிய இடம். பின்னங்காலால் அது பரபரவென்று சொறியும் சத்தம் கூடத்தில் கேட்டுக்கொண்டே இருக்கும். வயிற்றை நக்கி நக்கி முடி போய் ரோஜா நிறத்தில் தோல் தெரிந்தது. கழுத்தில் சின்னச் சின்னப் பொருக்குகள் தட்டுப்பட்டன. நடுநடுவே வாந்தியும் எடுத்தது. ராங்கித்தனம் எல்லாம் போய், ஒரு பழைய துணி மாதிரி நாற்காலியில் கிடந்தது.

பூனை நாய்களுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா முதலில் தெள்ளுப்பூச்சியைச் சந்தேகப்பட்டு, கழுத்தில் மருந்து விட்டுப் பார்த்தார். அதற்கு அடங்கவில்லை. பிறகு தோலைச் சுரண்டிச் சோதித்தார், பூஞ்சைக் காளான் இல்லை என்றார். கடைசியில் சாப்பாட்டு அலர்ஜியாக இருக்கலாம் என்று உட்காரவைத்துச் சொன்னார். மாட்டிறைச்சி, மீன், கோழி, பால், இதில் ஏதோ ஒன்று அதன் உடம்புக்கு எதிரியாகிவிட்டிருக்கும். இத்தனை நாள் சாப்பிட்டதுதானே என்று கேட்டதற்கு, இத்தனை நாள் சாப்பிட்டதால்தான் என்றார். ரத்தப் பரிசோதனையில் இதற்குத் தெளிவான பதில் கிடைக்காதாம். புரதத்தைப் பொடிப்பொடியாக உடைத்துச் செய்த ஒரு தீனியைக் காட்டி, இரண்டு மாதம் இதை மட்டும் போடுங்கள், சரியானால் பிறகு பழைய சாப்பாட்டை ஒவ்வொன்றாகக் கொடுத்து எது என்று பிடிக்கலாம் என்றார்.

"வேற எதுவும் வாய்க்குள்ள போகக் கூடாது" என்று வாசல் வரை வந்து சொன்னார். "ஒரு நக்கு போனாக்கூட முதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

மருமகள் வீட்டுக்கு வந்து கூடத்தில் நின்று அதையே உத்தரவாகப் போட்டாள். "யாரும் இதுக்கு எதுவும் குடுக்கக் கூடாது."

மாமனார் உத்தரவை மதித்தார். மதிப்பதில் ஒரு அடி அதிகமாகவே எடுத்து வைத்தார். சாயங்கால டீயை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு குடித்தார். ராங்கி வெளியே உட்கார்ந்து கதவின் அடிப்பக்கத்தைப் பார்த்துக் கத்தும். அந்தக் கத்தல் தாளாமல் சில நாட்களில் பிஸ்கட்டையே விட்டார். டீயைச் சமையல் மேடை ஓரமாக நின்று மருந்து போல ஒரே மூச்சில் குடித்துவிட்டு, டம்ளரைத் தானே கழுவி வைத்தார்.

பூனைக்குச் சுகமாகவில்லை. பாதி மாதம் தேறுவது போலப் போக்குக் காட்டிவிட்டு மறுபடி கழுத்தைக் கிழித்துக்கொண்டது. டாக்டரம்மா ஒரு ஊசி போட்டு, கழுத்தில் பிளாஸ்டிக் புனலை மாட்டி அனுப்பினார். வீட்டில் யாரோ ஏதோ கொடுக்கிறார்களா என்று பாருங்கள் என்றார். அவர் சாதாரணமாகச் சொன்னதுதான். மருமகளுக்கு அது சுருக்கென்று தைத்தது. புருஷன் காலையில் போனால் இருட்டித்தான் வருகிறான். பகல் முழுதும் வீட்டில் இருப்பது ஒருவர்தான். கணக்குப் போட அவளுக்கு விரல் கூட மடக்க வேண்டியிருக்கவில்லை.

முதல் தடவை கேட்டபோது மாமனார் சிரித்தார். இரண்டாம் தடவை சிரிக்காமல் இல்லை என்றார். அதற்குப் பிறகு அவள் துவைக்கப் போட்ட அவர் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தாள். பிஸ்கட் தூள் இருந்தது. எப்போதோ சேர்ந்த தூள். அந்தச் சட்டையை அவர் வாரக்கணக்கில் போடவில்லை. அதெல்லாம் அவள் மண்டையில் ஏறவில்லை. கையும் களவுமாகப் பிடித்துவிட்டவளைப் போல அந்தத் தூளை உள்ளங்கையில் வைத்து அவர் முன்னால் நீட்டினாள். நீட்டிய கையை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கும்.

அவர் அந்தத் தூளை ரொம்ப நேரம் பார்த்தார். அவள் குரலை உயர்த்தவில்லை, நல்லவிதமாகவே பேசினாள். அதுதான் மோசம். வயசானால் இது சகஜம், யாரும் உங்களைக் குற்றம் சொல்லவில்லை, கை பழக்கத்தில் தானாக நீட்டியிருக்கும், உங்களுக்கே தெரிந்திருக்காது என்று பக்குவமாக எடுத்துச் சொன்னாள்.

"குடுத்திருப்பேனோ" என்றார் மாமனார்.

கடைசியில் இருந்த அந்த 'ஓ' அவள் காதில் விழவே இல்லை. கொடுத்தேன் என்று ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டாள். பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. அன்று ராத்திரி சாப்பிடும்போது புருஷனிடம் சொன்னாள். மறுநாள் கீழ் வீட்டு டீச்சரிடம் சொன்னாள். பேக்கரியில் சூப்பர்வைசரம்மாவிடம், பாவம் மாமாவுக்கு மறதி வந்துவிட்டது என்று கண் கலங்கிச் சொன்னாள். டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணிச் சொன்னாள். ஓரகத்திக்கும் சொன்னாள். சொல்லச் சொல்ல அது உண்மையாகிக்கொண்டே வந்தது. எல்லோரும் அவளைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள். அந்தப் பரிதாபம் கொஞ்சம் ருசியாகவும் இருந்தது.

பிறகு வீட்டில் எது தவறினாலும் அவர் தலையில் விடிந்தது. சாவியைக் காணவில்லை என்றால் மாமா எங்கேயாவது வைத்திருப்பார். அடுப்பு சிம்மில் எரிந்துகொண்டே இருந்தால் மாமாதான். அந்த அடுப்பை விட்டுப் போனது தான்தான் என்று அவளுக்கு பஸ்ஸில் போகும்போது ஞாபகம் வந்தது. வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள், வீட்டுக்கு வருவதற்குள் மறந்துபோனாள். புருஷனிடம் சொல்லி எல்லா நம்பர்களையும் போனில் பதிந்து வாங்கிக்கொண்டாள். இனிமேல் அவரைக் கேட்க வேண்டாம், தப்பாகச் சொல்லிவிட்டால் அவருக்கே சங்கடம் என்றாள். அடுக்களையிலிருந்து யாரும் எதையும் கேட்காமல் போனதை அவர் கவனித்தார். ஏன் என்று கேட்கவில்லை, கவனித்தார்.

வீட்டுக்குள் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கும் பழக்கம் அவருக்கு அப்போதுதான் வந்தது. மருமகள் அதை வயசுத் தோரணை என்று நினைத்தாள். தெரியாமல் கை எதையாவது கொடுத்துவிடக் கூடாது என்று அவர் அதைக் கட்டிவைத்திருந்தார்.

ஒரு மாறுதலுக்குப் பெரியவர் வீட்டில் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று தீர்மானமாயிற்று. பெரியவர் என்றால் புருஷனின் அண்ணன். பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரம். மாமனார் மறுபேச்சுப் பேசவில்லை. கிளம்பும்போது ராங்கி, புனலும் தானுமாக, அவர் காலில் வந்து முட்டியது. அவர் குனியவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டே படியிறங்கினார்.

விதி சில நேரம் வேண்டுமென்றே பொய்ச் சாட்சி சொல்லும். அவர் போன அதே வாரத்தில் பேக்கரியின் குளிர் அறை இயந்திரம் படுத்துவிட்டது. சாமான் வெளியூரிலிருந்து வர வேண்டும் என்றார்கள். மருமகளை முன்பக்கம் கல்லாவில் உட்காரவைத்தார்கள். ஸ்வெட்டர் பீரோவுக்குள் போனது. ராங்கிக்கு வாரத்துக்கு வாரம் தேறியது. பொருக்கு உதிர்ந்தது, வயிற்றில் பட்டுப்போல முடி வளர்ந்தது, புனலைக் கழற்றினார்கள். சாப்பாட்டுத் தட்டைப் பார்த்து மறுபடி முகத்தைத் திருப்பிக்கொண்டது. பார்த்தீங்களா, நான் சொன்னேன் இல்லையா என்று மருமகள் புருஷனிடம் சொன்னாள். அவள் டாக்டரம்மாவுக்கும் போன் போட்டு அந்த வெற்றியைச் சொன்னாள்.

இரண்டு மாதம் கழித்து இயந்திரம் சரியானது. அவள் பீரோவிலிருந்து ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டு குளிர் அறைக்குத் திரும்பினாள். சில நாட்களில் கூடத்திலிருந்து அந்தச் சத்தம் வந்தது, பின்னங்கால் கழுத்தைச் சொறியும் சத்தம். அடுக்களையில் நின்றிருந்தவள் அடுப்பை அணைத்தாள். இப்போது வீட்டில் யார் இருக்கிறார்கள் கொடுப்பதற்கு?

அன்று ஞாயிற்றுக்கிழமை. அவள் கூடத்துக்கு வந்தாள். ஸ்வெட்டர் வழக்கம்போல நாற்காலி முதுகில் தொங்கியது. பஸ்ஸில் குளிரும் என்று அதை மட்டும் பேக்கரியில் விடாமல் போட்டுக்கொண்டு வந்துவிடுவாள். ஏப்ரன் பேக்கரியிலேயே துவைக்கப்படும். கையைச் சோப்பு போட்டுக் கழுவியாகிறது. கம்பளி காய நாளாகும் என்பதால் ஸ்வெட்டரைத் துவைப்பது எப்போதோ ஒரு முறை. ராங்கி நாற்காலியில் ஏறி, ஸ்வெட்டரின் கையை இரண்டு முன்னங்கால்களாலும் மாற்றி மாற்றி அமுக்கிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, குட்டி தாயிடம் குடிக்கிற மாதிரி அந்தக் கைமடிப்பைச் சப்பிக்கொண்டிருந்தது. மடித்து விட்ட கை வேலை நடுவே இறங்கி இறங்கி, மாதக்கணக்கில் வெண்ணெய் தேய்ந்து, அந்த இடம் விறைப்பாக மினுங்கிக்கொண்டிருந்தது.

இதை அவள் முன்பும் பார்த்திருக்கிறாள். ஒரு நாளல்ல, எத்தனையோ நாள். என் மேல் எவ்வளவு பாசம் பார், என் துணியைக் கட்டிக்கொண்டு தூங்குகிறது என்று புருஷனைக் கூப்பிட்டுக் காட்டிக்கூட இருக்கிறாள்.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். டாக்டரம்மா என்ன சொன்னார்? போகக் கூடாது என்றார். அவள்தான் வீட்டுக்கு வந்து கொடுக்கக் கூடாது என்றாள். போவது தானாகவும் போகும். கொடுக்க ஒரு கை வேண்டும். அந்த ஒரு சொல்லை மாற்றிப்போட்டுவிட்டு, இல்லாத கையைத் தேடி, கடைசியில் ஒரு கிழவரின் கையைப் பிடித்து முறுக்கியிருக்கிறாள்.

உடனே ஓடிப் போய்க் காலில் விழுந்தாள் என்று எழுத ஆசைதான். அவள் போகவில்லை. நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டாமா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். ஸ்வெட்டரை பேக்கரி அலமாரியில் பூட்டினாள், வீட்டுக்கு வந்ததும் உடை மாற்றினாள், நாற்காலியை வெந்நீரில் துடைத்தாள். பூனைக்கு மறுபடி தேற வாரங்கள் ஆயின. அத்தனை வாரமும் அவளுக்குச் சாக்கு இருந்தது. சோதனை என்று அதற்குப் பேர் வைத்திருந்தாள், உள்ளே இருந்தது பயம். மாமனார் முகத்தைப் பார்க்க வேண்டும். அதைவிட, ஊரெல்லாம் பரிதாபம் வாங்கிக்கொண்டு சுற்றிய தன் முகத்தைத் துடைத்துப் போட வேண்டும். புருஷனிடம் சொன்னபோது அவன் ஒரு வார்த்தை மட்டும் பேசினான். "அப்பா அங்க தண்ணி குடிக்கக்கூட அண்ணியைக் கேட்டுட்டுத்தான் குடிக்கிறாராம்." அவன் சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போனான்.

அடுத்த விடுமுறையில் அவள் ராங்கியைக் கூடையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். வழியெல்லாம் பூனை திட்டிக்கொண்டே வந்தது. அது நியாயம்தான் என்று அவளுக்குத் தோன்றியது.

ஓரகத்தி கதவைத் திறந்தாள். நல்லவள், யோசனை கம்மி. மாமா ஒரு தொந்தரவும் இல்லை, மருந்தைக் கையில் கொடுத்து விழுங்கும்வரை நின்று பார்க்கிறேன், நீ சொன்னாயே மறதி என்று, வெளியே தனியாக அனுப்புவதே இல்லை என்று உற்சாகமாகச் சொன்னாள். குளிக்கும்போது மட்டும் உள்ளே ஏதோ நம்பராகச் சொல்லிக்கொண்டே இருப்பாராம். துணி காயும் பால்கனியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் மாமனார் உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். அவளைப் பார்த்து எழுந்தார். மருமகளைப் பார்த்து எழும் வழக்கம் அவருக்கு ஒரு நாளும் இருந்ததில்லை.

கூடையைத் திறந்ததும் ராங்கி நேராக அவர் காலில் போய் முட்டியது. அவர் கைகள் தானாகவே முதுகுக்குப் பின்னால் போயின. அதைப் பார்த்ததும் யோசித்து வைத்திருந்ததெல்லாம் அவளுக்கு ஓடிப்போனது. நின்றபடியே, பாடம் ஒப்பிக்கிறவளைப் போலச் சொன்னாள்.

"மாமா, நீங்க எதுவும் குடுக்கல. என் வேலை ஸ்வெட்டர்ல வெண்ணெய் ஒட்டியிருந்திருக்கு. அதைத்தான் அது சப்பிக்கிட்டே இருந்திருக்கு. எல்லாம் என்னாலதான். என்னை மன்னிச்சிடுங்க."

அவர் அவளை உட்காரச் சொன்னார். பெருந்தன்மையாகச் சிரித்தார்.

"இல்லம்மா, குடுத்தேன். இங்க உக்காந்து யோசிச்சு யோசிச்சு, வந்துடுச்சு ஞாபகம். அந்த நீலத் தட்டுல பால் ஊத்தி நாற்காலிக்கு அடியில வெச்சேன். அது நக்கி நக்கிக் குடிச்சுது. இப்பவும் கண்ணுல நிக்குது."

அந்த நீலத் தட்டு ராங்கி வருவதற்கு முன்பே உடைந்துபோன தட்டு. கை தவறிப் போட்டது அவள். உடைந்த சில்லுகளைக் கூட்டி எடுத்தது அவர். அதைத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். கூட்டியது அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. முகம் செத்துப் போனது.

"அப்ப நடக்காததெல்லாம் எனக்கு ஞாபகம் வருது" என்றார்.

பழியை எடுத்துப் போடத்தான் அவள் வந்தாள். எடுக்கப் போய் இன்னும் ஆழமாக அழுத்திவிட்டாள். இந்த மனிதரின் தலைக்குள் ஒரு பொய்யான பால் தட்டைக் கொண்டுபோய் வைத்தது அவள்தான். அவர் அதைத் தேடு தேடு என்று தேடி, கிடைக்காமல், கடைசியில் தானே உண்டாக்கிக்கொண்டார். அவளைத் திருப்திப்படுத்துவதற்காக. அவளுக்கு அழுகை வந்தது. அழுதால் அவர் சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடுவார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

"மாமா, கேஸ்காரர்?" என்று கேட்டாள்.

எப்படிக் கேட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. வீட்டு அடுக்களையில் நிற்கிற மாதிரியே குரல் வந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார். உதடு அசைந்தது. பிறகு நம்பர் வந்தது, முதலில் தடுக்கித் தடுக்கி, பிறகு கடகடவென்று.

"சரிதான் மாமா."

"பாக்காமலே சரிங்காதே" என்றார். "போட்டுப் பாரு."

அவள் போட்டாள். கேஸ்காரர் எடுத்தார். சும்மா போட்டதாகச் சொல்லிப் போனை வைத்தாள். அவள் அடுத்தது கேட்காமலே மாமனார் இன்னொரு நம்பரைச் சொன்னார். யாருடையது என்று சொல்லவில்லை. அவள் எண்களை அழுத்தி முடித்ததும் திரையில், புருஷன் பதிந்து கொடுத்த பேர் வந்தது: பூனை டாக்டர். எப்போதோ ஒரு நாள் சாப்பிடும்போது அவள் புருஷனுக்கு ஒரே ஒரு முறை சொன்ன நம்பர். அவள் நிறுத்தப் போனாள். அவர் தலையை ஆட்டி, சத்தமாக வை என்று ஜாடை காட்டினார். ஸ்பீக்கரைப் போட்டாள்.

டாக்டரம்மா பிரியமாகப் பேசினார். ராங்கி எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். "உங்க மாமனார் இப்ப எதுவும் குடுக்கிறதில்லையே? நீங்க சொன்னீங்க, மறதின்னு. பாவம், அவரை ஒண்ணும் சொல்லிடாதீங்க."

பால்கனியில் காய்ந்துகொண்டிருந்த துணிகள் அசைந்தன. மாமனார் ராங்கியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"டாக்டர்," என்றாள் மருமகள், "அவர் ஒரு நாளும் எதுவும் குடுக்கல. அவருக்கு மறதியும் இல்ல. நான் தப்பா சொல்லிட்டேன். நான்தான் வெண்ணெய்ப் பிசுக்கோட துணியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்."

டாக்டரம்மா எத்தனையோ வீடுகளைப் பார்த்தவர். பூனையைப் பற்றி மேலே எதுவும் கேட்கவில்லை. "அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். பக்கத்தில்தான் இருக்கிறார் என்று சொல்லி அவள் வைத்தாள்.

அவள் நேரில் சொன்னபோது நம்பாதவர் இப்போது நம்பினார் என்பது அவர் தோளில் தெரிந்தது. வெளியே போன பேச்சு வெளியே போய்த் திரும்பி வர வேண்டியிருந்தது. அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். கோபம் இல்லை. எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து லைன் கொடுக்கும்போது இருந்திருக்கக்கூடிய குரலில் கேட்டார்.

"இன்னும் யார் யார்கிட்ட சொன்னே?"

கீழ் வீட்டு டீச்சர் என்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு நம்பரைச் சொன்னார். அவள் போட்டாள், சொன்னாள், வைத்தாள். பேக்கரி சூப்பர்வைசரம்மா என்றாள். நம்பர் வந்தது. அந்தம்மா முதலில் நம்பவில்லை. இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. புருஷனுடைய கடை முதலாளி, அங்கே எப்படிப் போனது என்று அவளுக்கே ஆச்சரியம், ஆனால் போயிருந்தது. அதற்கும் நம்பர் வந்தது. ஒரு எண் பிசகவில்லை. வாசற்படியில் கரண்டியும் கையுமாக வந்து நின்ற ஓரகத்திக்குப் போன் தேவைப்படவில்லை. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே போய் ஒரு டம்ளர் டீயும் தட்டில் இரண்டு பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

ராங்கி பிஸ்கட்டைப் பார்த்தது. மாமனாரின் இடது கை முன்னால் வந்து, தட்டை எடுத்து, எட்டாத உயரத்தில் ஜன்னல் மேல் வைத்தது.

"அவ்வளவுதானா?" என்று கேட்டார். "வேற யார்கிட்டயும் சொல்லலயே?"

அவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். போனை மடியில் வைத்தாள்.

"உங்ககிட்ட சொன்னேன் மாமா."

அவர் தெருப்பக்கம் திரும்பினார். டீயை எடுத்து, யாரையும் கேட்காமல், ஒரு வாய் குடித்தார்.

"அந்த லைன் எங்கேஜ்டா இருக்கும்மா" என்றார். "கொஞ்சம் கழிச்சுப் போட்டுப் பாரு."

அவள் சரி என்றாள். அவர் டீ குடித்து முடிக்கும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.